லைன் நாலு மெட்டு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். வடக்குப்பட்டு நிறுத்தத்தில் குடை இருந்தும் பாதி நனைந்தாயிற்று. போன வருஷம் இதே மழையில், இதே இடத்தில் நின்றுகொண்டுதான் நாலாவது பாட்டு வந்தது. இந்த வருஷம் தும்மல்தான் வந்தது.

வேலைகள்:
சளி மாத்திரை (16-ம் தேதிப் பதிவு வரை குரல் தாங்க வேண்டும்).
அறுந்த செருப்பு, தைக்கக் கொடுக்க.
அம்மாவுக்கு ரேஷன் கடை ஞாபகப்படுத்த.
பிரபாவுக்கு ‘என்னைப் பற்றி’ பத்து வரி.

கடைசி வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது. என் நாலு பாட்டையும் ஒரே தொகுப்பாக்கி எல்லாப் பாட்டு ஆப்பிலும் ஏற்றப்போகிறாராம் பிரபா. மறைமலை நகரில் பஞ்சர் கடை மாடியில் அவருடைய ஸ்டுடியோ. கீழே டயர் அடிக்கிற சத்தம் நிற்கிற நேரம் பார்த்துத்தான் மேலே பாட வேண்டும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து உலகத்துக்கே ஏற்றுவாராம். “உங்களப் பத்திப் பத்து வரி அனுப்புங்க அமுதா” என்று மூன்று நாளாக விரட்டுகிறார்.

எழுதிப் பார்த்தேன். ‘பெயர் அமுதா. வயது 27. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டு செய்கிறேன். லைன் நாலு, பதினோராவது இடம். நாட்டுப்புறப் பாடகி.’

நாட்டுப்புறமா? வாசலுக்கு வந்தால் கன்டெய்னர் லாரி. அதை அடித்தேன். பாடகி மட்டும். பாடகியா? கம்பெனி பஸ்ஸில் பாடினேன், ஒருத்தி படம் பிடித்துப் போட்டாள், பிரபா பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். இதற்குப் பெயர் பாடகியா? அதையும் அடித்தேன். மிச்சம் இருப்பது வயது 27.

நவம்பர் 4, செவ்வாய்

மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

லைனில் இன்று நாசமாய்ப் போன நாள். புதிதாக வந்த கனெக்டரில் ஓட்டையெல்லாம் சின்னது, ஒயர் உள்ளே போகவே மாட்டேன் என்றது. வேலை சிக்கினால் இழுக்கத் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும், ஆளாளுக்கு அதை இழுத்தார்கள். இழுத்தால் மஞ்சள் விளக்கு, மேலே ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டு, ‘எந்த எடம்?’ என்று டீம் லீடர் சுமதி அக்கா ஓட்டம். எந்த லைனில் சிக்கல் என்று காதாலேயே தெரிய லைனுக்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். சரிசெய்ததும் மறுபடி பச்சை விளக்கு. இன்று எங்கள் பெட்டி நாற்பது தடவையாவது கத்தியிருக்கும். கடைசியில் சுமதி அக்கா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

“ஒருத்தி இழுத்தா இன்னொருத்தி சும்மா இருங்கடி! எனக்கு இன்னா பத்து காலா கீது?”

வீட்டுக்கு வந்து மறுபடி ‘என்னைப் பற்றி’. இதுவரை பதிவு செய்தவற்றை எழுதினால் வரி நிரம்பும் என்று ஒரு யோசனை.

1. ‘ஓ.டி.க்கு நிக்கச் சொல்றான்’. எங்கள் வீட்டுக் குளியலறை. போன் காலி வாளிக்குள். வாளிக்குள் தலையை விட்டுப் பாடினால் கோயில் மண்டபத்தில் பாடுகிற மாதிரி கேட்கும். இரண்டாவது சரணத்தில் அம்மா கதவைத் தட்டியது அப்படியே பதிவாகிவிட்டது. தாளத்தோடு சேர்ந்திருக்கிறது, எடுக்கமாட்டேன் என்றார் பிரபா. அம்மா தட்டிய காரணம் வேறு. எழுத வேண்டாம்.

2. ‘கழுத்துல கார்டு’. பிரபாவின் காருக்குள். அன்று ஸ்டுடியோவில் கரன்ட் இல்லை. கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை நிறுத்தி, மூன்று முறை பாடினேன். மூன்றாவது முறை மயக்கமே வந்துவிட்டது. அதைத்தான் வைத்திருக்கிறார். கேட்கிறவர்கள் எல்லாம் உருக்கமாக இருக்கிறது என்கிறார்கள். மூச்சு முட்டியது, அவ்வளவுதான்.

3. ‘சாம்பாருக்குள்ள பாத்தேன்’. ஸ்டுடியோ, மைக், எல்லாம் முறைப்படி. பின்பாட்டு ரேவதி. என் லைனில் ஒன்பதாவது இடம், சிவகங்கைப் பெண். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுகிற பாட்டு என்பதால், ஹாஸ்டலில் இருக்கிறவள், அனுபவித்துப் பாடினாள்.

4. ‘மழ வருது’. நாளை ஒத்திகை.

முதல் மூன்றும் பரவாயில்லை ரகம். சொல் நன்றாக இருக்கும். மெட்டு மூன்றும் ஒன்றுக்கொன்று சித்தப்பா பெண் மாதிரி. நாலாவது அப்படி இல்லை. அது என்னைக் கேட்காமல், தானாக, முழுசாக வந்தது. அதைப் பாடும்போது மட்டும் நான் பாடகிதான் என்று தோன்றுகிறது. இதை ‘என்னைப் பற்றி’யில் எழுத முடியுமா? முடியாது.

நவம்பர் 5, புதன்

ஷிஃப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோயில், அங்கிருந்து ம.நகர். ஆட்டோவில் என் மடியில் யாருடைய கோழியோ. இறங்கும்வரை சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை.

பிரபா கம்ப்யூட்டரில் தாளம் ஓட்டிவிட்டுப் பாடச் சொன்னார். பாடினேன்.

மழ வருது, பஸ்ஸு வரல, மண்ணு ரோடு, சேறு
கொட நனையுது, கொண்ட நனையுது, கொண்டுவந்த சோறு
ஆறு மணி ஆவப் போவுது, ஆளக் காணோம்
கேட்ட மூடப் போறான் அவன், கேக்க எனக்கு யாரு

நிறுத்தினார். மறுபடி. மறுபடியும் நிறுத்தினார். விரல் விட்டு எண்ணினார்.

“மூணாவது வரில ஒரு தட்டு குறையுது அமுதா. மத்த வரியெல்லாம் நாலு நாலு. இதுல மூணுதான். தாளம் நாலுக்குக் காத்துக்கிட்டு நிக்குது, நீங்க தாவிப் போயிட்றீங்க.”

“அப்படித்தாண்ணா வந்துச்சு.”

“வந்தது சரி. நடுவுல ஒரு வார்த்தை போட முடியாதா?”

போட்டுப் பார்த்தோம். ‘அய்யோ’ போட்டால் சாவு வீடு. ‘தங்கமே’ போட்டால் வேறு யாரோ பாடுகிற மாதிரி. ‘ஆமா’ போட்டால் யார் என்ன கேட்டார்கள் என்று ஆமாம் சொல்கிறீர்கள் என்கிறார். ஒரு மணி நேரம் போனது. அதற்குள் கீழே ஒரு லாரி டயரைக் கழற்றி, ஒட்டி, மாட்டியும்விட்டார்கள்.

“சரி, நொண்டினா நொண்டட்டும். மெட்டு அவ்ளோ நல்லா இருக்கு. மொத தடவ கேக்கும்போதே ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் ஒரிஜினல் நாட்டுப் பாட்டு.”

வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்தாள்.

முழுப் பதிவு 16-ம் தேதி ஞாயிறு. அன்றைக்கே, பாட்டு யாருடையது என்கிற படிவமும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். திங்கள் ஏற்றிவிடுவாராம்.

வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தேன் போல. அம்மா: “நாலு வருசமா அதையேதான் முனகிகினு கீற. வேற பாட்டே வராதா ஒனக்கு?”

நாலு வருஷமா? பாட்டு எழுதியது போன வருஷம்தானே. அம்மாவுக்கு எப்போதுமே கணக்கு வராது.

நவம்பர் 7, வெள்ளி

தொண்டை கரகர. மிளகுப் பால். செருப்பு தைத்தாயிற்று, இப்போது இன்னொரு கால் அறுந்துவிட்டது.

ஞாயிறு ரேவதிக்குப் பிறந்தநாள். ஹாஸ்டல் மாடியில் கேக். நாலு பாட்டையும் பாடியே ஆக வேண்டும் என்கிறாள். ‘மழ வருது’ இன்னும் எங்கள் லைன் ஆட்கள் யாரும் கேட்டதில்லை. ரேவதிகூட. ஏனோ இதை மட்டும் ஒளித்து ஒளித்து வைத்திருக்கிறேன். பயம்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஒன்றும் புரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரகடம் ஹாஸ்டல் மொட்டை மாடி, பகல் பதினோரு மணி. இருபது பேர் இருக்கும், முக்கால்வாசி எங்கள் லைன். சுமதி அக்கா ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கேக் வாங்கி வந்தாள். அன்னாசிப்பழக் கேக். முதல் மூன்று பாட்டுக்கும் கைதட்டினார்கள், சாம்பார் பாட்டுக்குக் கொஞ்சம் அதிகம். அப்புறம் நாலாவது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் வரியில் யாரோ ‘க்ளுக்’ என்றார்கள். இரண்டாவது வரியில் கண்ணைத் திறந்தேன். ரேவதி கையைத் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் ஐந்து பேர். மூன்றாவது வரி வருவதற்குள் மாடி முழுக்கக் கை மேலே. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்த சுமதி அக்கா தட்டோடு எழுந்துவிட்டாள்.

“எந்த எடம்?”

அவ்வளவுதான். ஹாஸ்டலே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. சுமதி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து ரேவதி முதுகில் ஒன்று வைத்தாள். மறுபடி பாடச் சொன்னார்கள். எல்லாரும் கூடவே பாடினார்கள், கையை இழுத்து இழுத்து. மூன்று தடவை. என் பாட்டை யாரும் என்னோடு சேர்ந்து பாடியது இதுதான் முதல் முறை. நான் மட்டும்தான் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கும்போது ரேவதி தோளில் கை போட்டாள்.

“எப்படிடி யோசிச்ச? நம்ம பெட்டிப் பாட்ட எடுத்து மழைக்குப் போட்டுட்டியே!”

“எந்தப் பெட்டி?”

“என்னத்த எந்தப் பெட்டி? நம்ம கயித்துப் பெட்டிடி.” மூக்கால், வேகமாக, பெட்டி மாதிரியே பாடிக் காட்டினாள். “நீ வேணும்ன்டுதான வச்ச?”

“ஆமா. வேணும்னுதான்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாளை அந்தப் பெட்டியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

காலை ஆறிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். போன வாரம் நாற்பது தடவை இழுத்தவர்கள் இன்று ஒருத்திகூட இழுக்கவில்லை. கனெக்டரை மாற்றிவிட்டார்களாம். எல்லாம் வெண்ணெய் மாதிரி உள்ளே போகிறது. ஏழு மணி, எட்டு மணி. எட்டே முக்காலுக்குப் பொறுமை போய் நானே இழுத்தேன்.

அதேதான். என் பாட்டேதான். வேகமாக, தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி, ஆனால் அதேதான். மூன்றாவது வரி நொண்டி உட்பட.

சுமதி அக்கா ஓடிவந்தாள். “இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. கை பட்டுடுச்சு.”

நாலு வருஷமாக என் தலைக்கு மேலே பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளும் காதில் விழவில்லை. விழாமலே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு மழை நாளில் வெளியே வந்தது. தானாக வந்ததாம், முழுசாக வந்ததாம். வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது.

நவம்பர் 11, செவ்வாய்

பிரபா படிவம் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பாடியது யார். கடைசியில்: ‘இப்பாடலின் சொல்லும் மெட்டும் முழுக்க என் சொந்தப் படைப்பு. வேறெவருக்கும் இதில் பங்கில்லை.’ அதன் கீழே கையெழுத்து. முதல் மூன்றுக்குப் போட்டுவிட்டேன்.

போட்ட பிறகு சந்தேகம். அந்த மூன்றும் என்னுடையதா? ஓ.டி. பாட்டு, லாரி பின்னால் வரும்போது அடிக்கிற மணியா? கார்டு பாட்டு, கேட்டில் கார்டைக் காட்டினால் வருகிற ‘டிங் டிங்’கா? இன்று முழுக்கச் சத்தம் சத்தமாகக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கேன்டீன் லிஃப்ட், மைக்ரோவேவ், பக்கத்து வீட்டுக் குக்கர், ஐஸ் வண்டி. எல்லாமே என்னுடைய பாட்டு மாதிரி கேட்கிறது. குக்கர் மூன்றாவது விசிலில் சாம்பார் பாட்டின் பல்லவி எடுக்கிறது. பைத்தியம் பிடிக்கும்.

மெட்டை மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. மாற்றினால் பாட்டு செத்துப்போகிறது.

அவர்கள் சேர்ந்து பாடியது என் பாட்டையா, பெட்டியையா?

நவம்பர் 12, புதன்

மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

பிரபாவிடம் போனில் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

“மெஷின்தானே அமுதா? மெஷின் வந்து கேஸ் போடுமா? கையெழுத்துப் போடுங்க.”

“பொய்யாச்சேண்ணா.”

“சரி, மனசு ஒத்துக்கலன்னா அத எடுத்துட்டு மூணோட போவோம். ஞாயித்துக்கிழம வரும்போது ஒண்ணு முடிவு பண்ணிக்கினு வாங்க.”

மூன்றோடு. மூன்று சித்தப்பா பெண்களோடு. நாலாவது இல்லாமல் போனால் அந்தத் தொகுப்பில் நான் இல்லை. கையெழுத்துப் போட்டால் இருக்கிறேன், திருடியாக. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அம்மா சளி என்று நினைத்து நீராவி வைத்துக் கொடுத்தாள்.

நவம்பர் 13, வியாழன்

மெயின்டெனன்ஸ் குமரேசன் அண்ணன்தான் கயிறு, விளக்கு, பெட்டி எல்லாம் பார்ப்பவர். கேன்டீனில் பிடித்தேன். தயிர் சாதத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணா, எங்க லைன் பெட்டியில அந்தப் பாட்டு யாருது?”

“நான் போட்டது.”

“நீங்களா? நீங்க மெட்டு போடுவீங்களா?”

“மெட்டாவது ஒண்ணாவது. பெட்டி வாங்கும்போது மூணாவது லைனுக்கும் நாலாவது லைனுக்கும் ஒரே பாட்டு இருந்துச்சு. எவ இழுத்தாலும் ரெண்டு டீம் லீடரும் ஓடியாந்து முட்டிக்கினு நிப்பாங்க. மாத்துடான்னாங்க. பெட்டியில பட்டன் கீது, ச ரி க மாதிரி ஒவ்வொரு நோட்டா அமுக்கி ஏத்தலாம். எனக்கு இன்னா பாட்டு தெரியும்? ஏணி மேல நின்னுகினு முழிச்சிகினு இருந்தேன். கீழ ஒரு பொண்ணு ஒயர் சொருவிகினே ஏதோ முனகிகினு இருந்துச்சு. அத்தையே அமுக்கிட்டேன்.”

“எந்தப் பொண்ணு?”

“இப்ப நீ நிக்கிறியே, அந்த எடம். கண்ணாடி போட்ட பொண்ணு. நீ வர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயி வேலைய வுட்டு நின்னுடுச்சு.”

சாதத்தை முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், ஏதோ ஞாபகம் வந்து நின்றார்.

“முழுசா கூட ஏறல. பெட்டியில பதினஞ்சு நோட்டுதான் ஏறும். அது ஒண்ணு அதிகமா இருந்துச்சு. எங்கியோ ஒண்ண வெட்டி வுட்டேன். எவன் கேக்கப் போறான்?”

“எங்க வெட்டினீங்க?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது?”

பிரபா விரல் விட்டு எண்ணிய நொண்டி அதுதான். ஆக, பாட்டு என்னுடையது இல்லை. பெட்டியுடையதும் இல்லை. ஒரு கண்ணாடி போட்ட பெண்ணுடையது, அதிலும் ஒன்று குறைச்சல். குழப்பம் தீரும் என்று போனேன், இப்போது குழப்பத்துக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள்.

நவம்பர் 14, வெள்ளி

சுமதி அக்காவிடம் கேட்டேன். கண்ணாடி என்றதும் சொல்லிவிட்டாள். வசந்தா. செய்யாறு பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், இப்போது அங்கே ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை. எண்ணும் கிடைத்தது. இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. ‘லைன் நாலிலிருந்து அமுதா பேசுகிறேன் அக்கா, ஒரு சின்ன விஷயம்’ என்று செய்தி அனுப்பினேன்.

கோபித்துக்கொண்டால்? என் பாட்டு, விட்டுவிடு என்றால்? சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. விட்டுவிடுவேனா? தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

பதில்: ‘sunday 10 mani free’.

நகம் கடித்துக்கொண்டே இருந்தேன். தொண்டை சரியாகிவிட்டது. இப்போது சரியாகி என்ன?

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், ஆச்சரியமாக. பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பத்து மணி, பத்து நிமிஷம். எடுத்தாள். பின்னால் துணி துவைக்கிற சத்தம்.

“யாரு? எந்த அமுதா?”

“உங்க எடத்துல இப்ப நான்தான் நிக்கிறேன்க்கா. லைன் நாலு, பதினொண்ணு.”

“அய்ய, அந்த எடமா? இப்பவாவது ஃபேன் காத்து வருதா?”

“இல்லக்கா.”

“வராது” என்றாள், திருப்தியாக.

குமரேசன் அண்ணன் சொன்னதையெல்லாம் சொன்னேன். நம்பவே மாட்டேன் என்றாள்.

“நான் பாட்டு பாடினேனா? எனக்குப் பாட்டே வராதும்மா. கோயில்ல கூட வாயத் தெறக்க மாட்டேன்.”

ஒயர் சொருகும்போது முனகுவீர்களாமே என்றேன். துவைக்கிற சத்தம் நின்றது.

“அதுவா! அது பாட்டு இல்ல, கலரு. அப்பல்லாம் பழைய மாடலு. ஒரு கனெக்டருக்குப் பதினாறு ஒயரு. சேந்த புதுசுல ஒரே ஒயர வுட்டுட்டேன். ஒரு ட்ரே முழுக்கத் திரும்பி வந்துச்சு. எல்லார் எதிர்லயும் நிக்க வச்சிக் கேட்டாங்க, அழுதுட்டேன். அன்னிலேர்ந்து கலர் பேர வரிசையா சொல்லிக்கினே சொருவுவேன். சும்மா சொன்னா மறந்துடும், இழுத்துச் சொன்னா மறக்காது. அத்தப் போயா பெட்டியில போட்டாரு? நான் வேலைய வுட்ட வாரந்தான் பெட்டிப் பாட்ட மாத்துனாங்க, நான் கேக்கவே இல்லியே.”

நான் அதற்கு வேறு சொல் போட்டுப் பாடுகிறேன் என்றேன். மழை, பஸ், கேட். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“எங்க, பாடு.”

சமையலறையில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினேன். முதல் வரி, இரண்டாவது வரி முடிந்தது. மூன்றாவது வரி பாதியில்:

“நிறுத்து, நிறுத்து. மஞ்சளுக்கு அப்புறம் பச்ச எங்க?”

“என்னக்கா?”

“பச்ச ஒயரு. ஒல்லியா இருக்கும். மஞ்ச, பச்ச, காப்பி, கருப்பு. நீ மஞ்சள்லேர்ந்து நேரா காப்பிக்குப் போற. பச்சய வுட்டுட்ட.”

குமரேசன் அண்ணன் வெட்டியது அதைத்தான். பெட்டியில் இடம் இல்லை என்று. நாலு வருஷமாக லைன் நாலு முழுக்கப் பச்சை இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

“அந்தப் பச்சயத்தாம்மா நான் அன்னிக்கு வுட்டுட்டது” என்றாள் வசந்தா அக்கா. “அத்த மறக்கக் கூடாதுன்னுதான் பாட்டே. அத்தையே வுட்டுட்டுப் பாட்றியே.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படிவத்தைப் பற்றிச் சொன்னேன். மெட்டு என்கிற இடத்தில் உங்கள் பேரைப் போடட்டுமா, உங்கள் வீட்டில் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டேன்.

“இன்னா சொல்லுவாங்க? பேரப் போடு. மொதல்ல பச்சயப் போடு.”

வைத்துவிட்டாள். துணி காய வேண்டுமாம்.

நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.

ஆறு மணி, பச்ச லைட்டு, எரியப் போவுது, ஆளக் காணோம்

விரல் விட்டு எண்ணினேன். நாலு. மறுபடி பாடினேன், நாலு. நொண்டவில்லை. அம்மா அடுப்படிக்கு வந்து, “இன்னாடி, இன்னிக்கு வேற மாதிரி கீது?” என்றாள்.

படிவம். மெட்டு: வசந்தா. சொல்: அமுதா. ‘பச்ச’ என்கிற ஒரு சொல் மட்டும் அவளுடையது, அதற்குக் கட்டம் இல்லை. ‘முழுக்க என் சொந்தப் படைப்பு’ என்கிற வரியைப் பேனாவால் அடித்தேன். அடிக்கலாமா என்று பிரபாவைக் கேட்க வேண்டும். ‘என்னைப் பற்றி’ இன்னும் எழுதவில்லை. நான் யார் என்று போன வாரத்தைவிட இப்போது இன்னும் தெரியவில்லை. ஆனால் பயமாக இல்லை.

கிளம்பும்போது போனில் ‘டிங்’. வசந்தா அக்காவிடமிருந்து குரல் பதிவு, முப்பது நொடி. கோயிலில்கூட வாயைத் திறக்காதவள் பதினாறு கலரையும் பாடி அனுப்பியிருக்கிறாள். பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழுகிறது. இரண்டு தடவை பாடியிருக்கிறாள். இரண்டாவது தடவை பச்சையில் ஒரு அழுத்து.